ஆறாம் படியும் தேக்லேயின் சீஸும்

"அவ மறுபடியும் குளிர் அறையிலேருந்து வந்தா, லமாரா. என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

"எவ?"

"எவளா? வேற எவ? திபிலிசிக்காரிதான். ஒவ்வொரு சீஸா மோந்து மோந்து பாத்தா. போட்டோ வேற எடுத்தா."

நானுலி கதவைச் சாத்தினாள். சாத்தியது போதாதென்று அதன்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். லமாரா காபி பொங்கி வழியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆய்வகத்தில் அடுப்பு பற்றவைக்கக் கூடாது என்று சலோமே போன மாதம் ஒட்டிய அறிவிப்பு, அந்த அடுப்புக்கு நேர் மேலேயே சுவரில் இருந்தது.

சலோமே இலையுதிர் காலத்தில்தான் தலைநகர் திபிலிசியிலிருந்து இந்த ரியோனி ஆற்றங்கரைப் பல்கலைக்கழகத்துக்கு வந்திருந்தாள். தர மேம்பாட்டு அலுவலர் என்று பெயர். முப்பது வயதுகூட இருக்காது. லமாரா பால்பொருள் தொழில்நுட்பத் துறைக்குத் தலைவியான காலத்தில் அவள் பால்பல்லோடு திரிந்திருப்பாள். அவள்தான் இப்போது துறை துறையாக நுழைந்து, இந்தப் படிப்பு எந்தப் படியில் நிற்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

படி என்பதுதான் இந்த வருடம் எல்லார் வாயிலும் இருந்த சொல். நாட்டிலுள்ள பட்டங்களை எல்லாம் ஐரோப்பாவின் ஏணிக்குப் பக்கத்தில் நிறுத்தி அளக்கப்போகிறார்கள். ஆறாம் படி என்றால் இளங்கலை. ஐந்தாம் படி என்றால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற தொழிற்கல்லூரி. எந்தப் படி என்று சொல்ல வெளிநாட்டிலிருந்து நிபுணர்கள் நாளைக்கு வருகிறார்கள். ஐந்து என்று சொல்லிவிட்டால் லமாராவின் துறை, கொப்பரை கரண்டியோடு பாலத்தைத் தாண்டிப் போகும். இளங்கலைக்கென்று சேர்ந்த பிள்ளைகள் தொழில் சான்றிதழோடு வீட்டுக்குப் போவார்கள். தேக்லே என்கிற பெண்ணுக்கு எஸ்தோனியாவில் முதுகலைக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஆறாம் படிப் பட்டம் கையில் இல்லையென்றால் அந்த இடமும் போச்சு.

"தொழிற்கல்லூரி பத்ரி போன வாரம் நம்ம ஆய்வகத்து வாசல்ல நின்னு கொப்பரையை எண்ணிக்கிட்டிருந்தான், தெரியுமா?" என்றாள் நானுலி.

"சும்மா பாக்க வந்திருப்பான்."

"கல்யாணத்துக்கு முன்னாடி பொண்ணு வீட்டுக்கு எவனும் சும்மா வர்றதில்ல. குடிச்சிட்டியா? கோப்பையைக் கவுத்து."

லமாரா கோப்பையைத் தட்டில் கவிழ்த்தாள். இருவரும் இளவயதிலிருந்தே ஒரே அறையில் உட்கார்ந்தவர்கள். நானுலி நுண்ணுயிரியல் எடுப்பாள். ஆனால் ஊரில் அவளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது காபிக் கோப்பையில் குறி பார்ப்பதுதான். அவள் கோப்பையை நிமிர்த்தி, உள்ளே படிந்த மண்டியை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

"ஒரு பொம்பள. முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறா."

"யாரு?"

"முதுகுல பேரா எழுதியிருக்கும்? ஆனா உனக்குத் தெரியும் யாருன்னு." கோப்பையைக் கீழே வைத்தாள். "இன்னொண்ணு சொல்றேன் கேளு. அவ பசங்களையெல்லாம் நடையில நிறுத்தி, வீட்டுல எவ்வளவு நேரம் படிக்கிறீங்கன்னு கேக்கறா. நாளைக்கு அந்த வெளிநாட்டுக்காரங்களும் அதையேதான் கேப்பாங்களாம். எதுக்கு?"

"எதுக்கு?"

"வீட்டுல உக்காந்துதான் படிக்கிறோம்னு பசங்க சொன்னா என்ன அர்த்தம்? வகுப்புல நீ சொல்லிக் குடுக்கலன்னு அர்த்தம். உன் மணியைப் பிடுங்கத்தான்டீ இந்தக் கேள்வி."

இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் மணி என்றால் ஆசிரியரின் மணி. எத்தனை மணி வகுப்போ அத்தனை மரியாதை. செப்டம்பர் வந்தால் மணிக்காகவே நண்பர்கள் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். மாணவருக்கென்று தனியாக ஒரு மணி இருக்கலாம் என்று அங்கே யாரும் கனவிலும் நினைத்ததில்லை.

"அப்ப என்ன பண்றது?"

"பசங்களைக் கூப்பிட்டுச் சொல்லிடு. வீட்டுல ஒண்ணும் கிடையாது, எல்லாம் வகுப்புலயே எங்க மேடம் சொல்லிக் குடுத்துடுவாங்கன்னு. எல்லாரும் ஒரே மாதிரி சொல்லணும்."

கதவு தட்டப்பட்டது. நானுலி முதுகை எடுத்ததும் சலோமே தலையை நீட்டினாள்.

"உள்ள வரலாமா, லமாரா மேடம்?"

"தலை வந்துடுச்சு. மீதியும் வரட்டும்."

சலோமேயின் பார்வை அடுப்பில் பட்டு, சுவர் அறிவிப்பில் பட்டு, பிறகு எதுவும் பார்க்காததுபோல லமாராவிடம் வந்தது.

"நாளைக்கு மாணவர்கள்கிட்ட ஒரு கேள்வி கேப்பாங்க. வீட்டுல எவ்வளவு நேரம்..."

"தெரியும்."

"இல்ல மேடம், அது நீங்க நினைக்கிற மாதிரி..."

"நான் என்ன நினைக்கிறேன்னு உனக்கு யாரு சொன்னது? அதையும் மோந்து பாத்தியா?"

சலோமேயின் முகம் சிவந்தது. "பதில் சொல்லிக் குடுக்க எனக்கு அனுமதியில்ல. ஆனா ஒண்ணு சொல்றேன். பசங்களை உள்ளதைச் சொல்ல விடுங்க. அது போதும்."

"சரி. கதவைச் சாத்திட்டுப் போ."

அவள் போன சத்தம் அடங்கும்வரை நானுலி காத்திருந்தாள். "உள்ளதைச் சொல்லணுமாம்! உள்ளதைச் சொல்லிக் கெட்டவங்கதான் இந்த ஊர்ல பாதிப் பேர்."

அன்று சாயங்காலமே லமாரா பிள்ளைகளை ஆய்வகத்தில் கூட்டினாள். சொல்ல வேண்டியதைச் சொன்னாள். எல்லாரும் தலையாட்டினார்கள். தேக்லே மட்டும் கையைத் தூக்கினாள். தூக்கிய கை உப்புப் பட்டு வெடித்துக் கிடந்தது.

"ஒண்ணுமே செய்யறதில்லைன்னா சொல்லணும் மேடம்? கொஞ்சம்னுகூட வேணாமா?"

"ஏன் தாயி, உனக்கு எஸ்தோனியா போகணுமா, வேணாமா?"

"போகணும் மேடம்."

"அப்ப ஒண்ணுமே இல்ல."

மறுநாள் காலை நிபுணர்கள் வந்து இறங்கினார்கள். தலைவர் லித்துவேனியாக்காரர், விதாஸ் என்று பெயர். நெட்டையான மனிதர், நரைத்த மீசை. பேசுவதெல்லாம் ஆங்கிலம். கூட ஒரு மொழிபெயர்ப்பாளப் பெண் ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

"அந்த ஆளுக்கு ரஷ்யன் தெரியும்" என்று நானுலி காதைக் கடித்தாள். "அந்த வயசுல லித்துவேனியாவுல ரஷ்யன் தெரியாத ஆள் உண்டா? தெரியாத மாதிரி நடிக்கிறான். நாம நமக்குள்ள என்ன பேசிக்கிறோம்னு ஒட்டுக்கேக்கத்தான்."

"நம்ம பேசறது நம்ம பாஷைதானே."

"எதுக்கும் கொஞ்சம் தள்ளியே நில்லு."

முதலில் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டார்கள். ஆசிரியர்கள் யாரும் அந்தப் பக்கமே வரக் கூடாது. லமாரா நடையில் நின்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்தபோது விதாஸின் முகத்தில், நல்ல பழம் என்று கையில் எடுத்து, அழுகலைத் தொட்டவரின் சுளிப்பு இருந்தது. பின்னாலேயே வந்த பிள்ளைகளோ பெருமையாகக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்கள்.

"ஒருத்தர் பாக்கியில்லாம ஒரே மாதிரி சொன்னோம் மேடம்!"

அந்தச் சந்தோஷத்தோடு குளிர் அறையைக் கடைசியாக ஒருமுறை சரிபார்க்கப் போன லமாரா வாசலிலேயே நின்றுவிட்டாள். பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்து வைத்த சீஸ் வட்டுகள் வரிசையாக இருந்தன. தேக்லேயின் வட்டு இருந்த இடத்தில் பலகை மட்டும் ஈரமாக இருந்தது.

"நானுலி!"

"நான்தான் சொன்னேனே!" நானுலி பலகையைத் தொட்டுப் பார்த்தாள். "பரிசோதனைக்கு அனுப்பியிருப்பா. கிருமி இருக்கு, பூஞ்சை இருக்குன்னு ஒரு முடிவை வாங்கி மத்தியானமே மேசையில வைப்பா பாரு. அதுவும் எதை எடுத்திருக்கா? இருக்கறதுலயே நல்லதை."

லமாரா சலோமேயைத் தேடி ஓடினாள். சாப்பாட்டு அறை வாசலில் அவள் புல முதல்வர் ஜும்பெரின் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஜும்பெர் தொப்பை குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். லமாராவைக் கண்டதும் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். அதற்குள் விதாஸும் மற்றவர்களும் வந்துவிட்டார்கள். எதுவும் கேட்க வழியில்லை.

சாப்பாடு விஷயத்தில் சலோமே முன்பே எல்லார் வெறுப்பையும் சம்பாதித்திருந்தாள். விருந்து கூடாது, பரிசு கூடாது, ஒயின் கூடவே கூடாது, வந்தவர்களுக்கு அது லஞ்சமாகத் தெரியும் என்று சொல்லியிருந்தாள். கேட்டதும் ஜும்பெருக்கு நெஞ்சுவலியே வந்திருக்கும். ஊரில் நடந்த பாதிக் கல்யாணத்தில் அவர்தான் தமாதா, விருந்தை நடத்துகிற தலைவர். கோப்பையைத் தூக்கி அவர் வாழ்த்துச் சொன்ன பிறகுதான் மற்றவர்கள் வாய் நனையும். விருந்தாளியைக் கூப்பிட்டு உட்கார வைத்துத் தண்ணீர் ஊற்றுவதா?

ஆக, மேசையில் லோபியோ என்கிற பீன்ஸ் குழம்பு இருந்தது, சோள ரொட்டி இருந்தது, பச்சை வெங்காயம் இருந்தது. நடுவில் ஒரு கூஜா வெள்ளைத் துணி சுற்றி நின்றது.

"அது என்ன?" என்று விதாஸ் கேட்டார்.

"திராட்சைச் சாறு" என்றார் ஜும்பெர். "கொஞ்சம் வயசான சாறு."

சலோமே ஜன்னலுக்கு வெளியே எதையோ ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவே லமாராவுக்குச் சந்தேகமாக இருந்தது. அவளை நிலைகுலைய வைத்தது இன்னொன்று. கூஜாவுக்குப் பக்கத்தில், பெரிய மரத்தட்டில், துண்டு போட்ட தேக்லேயின் சீஸ். அதற்கு எதிரே நாற்காலியில், எதற்குக் கூப்பிட்டார்கள் என்று தெரியாமல் முழித்துக்கொண்டு தேக்லே.

"அவளை யாரு உக்கார வச்சது?" என்றாள் லமாரா மெதுவாக.

"மாணவர் பிரதிநிதியாம். சலோமே சொன்னா" என்றாள் நானுலி. "விஷயம் மோசம்டீ."

விதாஸ் சீஸில் ஒரு துண்டு எடுத்தார். மென்றார். இன்னொரு துண்டு எடுத்தார். ஜும்பெர் அதற்காகவே காத்திருந்தவர்போலக் கோப்பையோடு எழுந்தார்.

"பெரிய வாழ்த்தெல்லாம் வேணாம்னு உத்தரவு. சின்னதா ஒண்ணு. நம்ம மேசையில ஒரு பண்டம் ருசியா இருந்தா, அதைச் செஞ்ச கைக்குக் குடிக்காம அடுத்த வாய் வைக்கறது பாவம். இந்தச் சீஸைச் செஞ்ச கைக்கு! எந்திரி மகளே. எப்படிச் செஞ்சேன்னு சொல்லு."

யாருடைய பேரைச் சொல்லிக் குடிக்கிறார்களோ அவர் எழுந்து பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். தேக்லே எழுந்தாள். சீஸைப் பார்த்தபடியே பேச ஆரம்பித்தாள்.

"பனி விழ ஆரம்பிச்சப்ப ஊத்தினது. எங்க செவலைப் பசுவோட பால். தினமும் விடியறதுக்கு முன்னாடி நிலவறைக்குப் போய்த் திருப்பிப் போடணும், உப்புத் தண்ணியில துடைக்கணும். ஒரு நாள் ஓரத்துல நீலமாப் பூத்துடுச்சு. அது நல்ல பூஞ்சையா கெட்ட பூஞ்சையான்னு தெரியல. நூலகத்துல இருந்த புத்தகத்தையெல்லாம் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போய்ப் பிரிச்சுப் பாத்தேன். அப்புறம் உப்பைக் குறைச்சேன், நிலவறை ஜன்னலை அடைச்சேன், நின்னுடுச்சு. இது மூணாவது வட்டு. முதல் ரெண்டையும் பன்னிக்குப் போட்டோம். எங்கப்பா சொல்றாரு, ஜில்லாவுலயே அதிகம் படிச்ச பன்னி எங்க பன்னிதானாம்."

மேசை முழுக்கச் சிரித்தது. மொழிபெயர்ப்பாளப் பெண் கடைசி வரியைச் சொல்லி முடித்ததும் விதாஸும் சிரித்தார். பிறகு கத்தியைக் கீழே வைத்தார். அவர் கேட்டதை அந்தப் பெண் கொஞ்சம் தயங்கி மொழிபெயர்த்தாள்.

"காலையில, வீட்டுல ஒண்ணுமே செய்யறதில்லைன்னு சொன்னீங்களேன்னு கேக்கறாரு."

தேக்லே விழித்தாள். "அது படிப்பைக் கேட்டீங்க சார். இது படிப்பு இல்லையே. இது சீஸ்."

"புத்தகங்களை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனேன்னீங்களே?"

தேக்லேயின் கழுத்திலிருந்து சிவப்பு ஏறி நெற்றிவரை வந்தது. தட்டைப் பார்த்தாள், கூஜாவைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். லமாரா இருந்த பக்கம் மட்டும் பார்க்கவே இல்லை. என்ன ஆனாலும் காட்டிக்கொடுக்க மாட்டாள் இந்தப் பெண். பொய் சொன்னவள் என்ற பேரோடு உட்கார்ந்துவிடுவாள். எஸ்தோனியாவையும் அந்தத் தட்டோடு தள்ளிவைத்துவிடுவாள்.

பொறியா இது? பொறிதான், சந்தேகமே இல்லை. மேசைக்கு அடியில் நானுலி லமாராவின் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். "எந்திரிக்காத. வாயத் திறக்காத."

லமாரா கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "தமாதா, ஒரு வார்த்தை."

"சொல்லுங்க, லமாரா."

அவள் மொழிபெயர்ப்பாளப் பெண்ணுக்காகக் காத்திருக்கவில்லை. விதாஸின் முகத்தை நேராகப் பார்த்து ரஷ்யனில் சொன்னாள்: "இந்தப் பசங்க பொய் சொல்றவங்க இல்ல. அப்படிச் சொல்லணும்னு நான்தான் நேத்து சொல்லிக் குடுத்தேன். வீட்டுல படிக்கிறாங்கன்னு தெரிஞ்சா என் வகுப்பைக் குறைச்சுடுவீங்கன்னு நினைச்சேன். குத்தம் என்னோடது. அந்தப் பொண்ணை உக்காரச் சொல்லுங்க."

விதாஸ் மீசையைத் துடைத்துக்கொண்டார். பதில் சொன்னபோது அதுவும் ரஷ்யனில்தான் வந்தது, துருப்பிடித்த கதவு திறப்பதுபோல.

"எங்க ஊர்லயும் முதல் தடவை இப்படித்தான் நடந்தது. எங்க பேராசிரியர் எழுதிக் குடுத்ததை நான் மனப்பாடமா ஒப்பிச்சேன்." கோப்பையைத் தொட்டார், குடிக்கவில்லை. "ஆனா நீங்க செஞ்சது சின்ன விஷயம் இல்ல. இதை எழுதித்தான் ஆகணும். பசங்களைத் திரும்பவும் பாப்போம். அந்த நேரம் நீங்க கட்டடத்துல இருக்கக் கூடாது."

ஆக லமாரா வெளியே வந்து, வாசல் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் சலோமேயும் வந்து மறுமுனையில் உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்து சூரியகாந்தி விதையை எடுத்து நீட்டினாள். லமாரா வாங்கவில்லை.

"சீஸை எடுத்தது நீதானே?"

"நான்தான்."

"அந்த வாழ்த்தை ஜும்பெருக்குச் சொல்லிக் குடுத்ததும் நீதான்."

"தமாதாவுக்கு யாராவது சொல்லிக் குடுக்க முடியுமா மேடம்? சீஸ் நல்லா இருக்கு, செஞ்ச பொண்ணு எதிர்லயே உக்காந்திருப்பான்னு மட்டும்தான் சொன்னேன். மீதி அவர் ரத்தத்துல இருக்கு."

"எங்கிட்டயே சொல்லியிருக்கலாம்."

"வந்தேனே. கதவைச் சாத்திட்டுப் போகச் சொன்னீங்க." விதையைக் கடித்துத் தோலைத் துப்பினாள். "அவங்க எண்றது உங்க மணியை இல்ல மேடம். படிக்கிறவளோட மணி. வகுப்பு, வீடு, நிலவறை எல்லாம் சேத்து. வீட்டுல ஒண்ணுமே இல்லைன்னா கணக்குப் பாதிதான் வரும். பாதின்னா அஞ்சாம் படி. தானா தேடி, தானா தப்புப் பண்ணி, தானா திருத்திக்கிறதுதான் ஆறு. தேக்லே கையைப் பாத்தேன், உப்புல வெடிச்சிருந்தது. அந்தக் கையை வச்சுக்கிட்டு எங்கிட்டயும் நேத்து சாயங்காலம் நடையில அதையேதான் சொன்னா, ஒண்ணுமே செய்யறதில்லைன்னு."

லமாரா அவளைப் பக்கவாட்டில் பார்த்தாள். "இதுல உனக்கு என்ன லாபம்?"

"லாபம் இல்லாம ஒருத்தர் எதையும் செய்யக் கூடாதா?"

"செய்யலாம். நான் பாத்ததில்ல."

சலோமே சிரித்துவிட்டாள். "சரி. உங்க துறை அஞ்சுக்கு இறங்குச்சுன்னா, இதைத் தயார் பண்ணின என்னையும் திபிலிசிக்குத் திருப்பி அனுப்பிடுவாங்க. எனக்கு அங்க போக இஷ்டமில்ல. போதுமா?"

"போதும்" என்றாள் லமாரா. இதை நம்ப முடிந்தது. "குடு அந்த விதையை."

வெயில் ஆற்றுப் பக்கம் சாய்ந்தபோது ஜும்பெர் படியிறங்கி வந்தார். நெருங்கும்வரை முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று அவருக்கே தெரியவில்லை.

"ஆறு" என்றார்.

லமாரா எழுந்தாள்.

"பசங்க வாயத் திறந்தா மூட மாட்டேங்கறாங்க. ஒருத்தன் தயிர் உறையற நேரத்தைப் பத்திப் பேசி அந்த லித்துவேனியாக்காரரையே தூங்க வச்சுட்டான். தேக்லே பத்திக் கவலையே வேணாம்." தொண்டையைச் செருமினார். "ஆனா ஒரு நிபந்தனை. சாட்சிக்குப் பாடம் சொல்லிக் குடுத்தவங்க துறைத் தலைவரா இருக்கக் கூடாதாம். வகுப்பு எடுக்கலாம். தலைமைக்கு வேற ஆள்."

"யாரு?"

"நானுலி. மூத்தவ அவதானே."

"பசங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு நானுலிகிட்டயும் கேட்டாங்களா?"

"எல்லார்கிட்டயும் கேட்டாங்க. தனக்கு ஒண்ணும் தெரியாது, நேத்து சாயங்காலம் தான் அங்க இல்லவே இல்லைன்னு சொன்னா."

சலோமே விதை கடிப்பதை நிறுத்தினாள். அந்தக் கேள்விக்கு உள்ளதைச் சொல்லக் கூடாது என்ற யோசனை முதலில் யார் வாயிலிருந்து வந்தது, பத்ரி கொப்பரையை எண்ணிய கதை யார் வாயிலிருந்து வந்தது என்று லமாரா படியேறும்போது ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள்.

அறையில் காபி வாசனை தூக்கியது. நானுலி கண் கலங்க எதிரே வந்து கட்டிக்கொண்டாள்.

"முகத்தை அப்படி வச்சுக்காதடீ. பேருக்குத்தான் நான். எல்லாம் நீதான், எனக்கு என்ன தெரியும்? உக்காரு. உனக்காகத்தான் போட்டேன்."

லமாரா உட்கார்ந்தாள். அவசரமில்லாமல் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். நல்ல காபி. நானுலி காபி எப்போதும் நன்றாகத்தான் போடுவாள்.

"கோப்பையைக் கவுத்து. இனிமே எப்படி இருக்குன்னு பாத்துடலாம்."

லமாரா கோப்பையோடு எழுந்து தொட்டிக்குப் போனாள். குழாயைத் திறந்து, மண்டி முழுக்கக் கரைந்து போகும்வரை கழுவி, துடைத்து, அலமாரியில் வைத்தாள்.

"அடியே, என்ன பண்ற?"

"அடுப்பை அணைச்சுடு நானுலி" என்றாள் லமாரா, கையைத் துடைத்துக்கொண்டே. "ஆய்வகத்துல பத்த வைக்கக் கூடாது. எழுதி ஒட்டியிருக்காங்க இல்ல?"